பதினான்கு இருபது

ஆடி முடியச் சில நாட்கள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஜீயபுரத்துக்காரர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆனி மாதத்தில் குடும்பத்தோடு வந்து, என் தங்கையைத் தன் இரண்டாவது மகனுக்குப் பார்த்துவிட்டுப் போனவர். ஆவணி பிறந்ததும் நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தோம். கல்யாணப் பேச்சுக்காக யாரும் ஆடியில் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். அதனால் அவர் செருப்பைக் கழற்றும்போதே நான் அவர் கையைப் பார்த்தேன். போன தடவை அவர் தோட்டத்து வாழைத்தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். இரண்டு ஓரங்களிலும் வரிசையாக ஓட்டை போட்ட நீளக் காகிதம். புள்ளிகளால் ஆன எழுத்துகள். நடுவில் ராசிக் கட்டம் கோடு கோடாக விழுந்திருந்தது.

"இத கொஞ்சம் பாருங்க தம்பி."

பார்த்தேன். என் தங்கையின் பெயர். அதற்குக் கீழே, நட்சத்திரம் ஆயில்யம், பாதம் ஒன்று.

"தப்பா இருக்குங்களே. எங்க தங்கச்சிக்குப் பூசம்."

"நீங்க எழுதிக் குடுத்ததுல பூசந்தான். கம்ப்யூட்டர்ல போட்டா ஆயில்யம்னு வருது." அவர் காகிதத்தைத் திரும்ப வாங்கி, மடித்த இடத்திலேயே மடித்தார். "நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லல. பெரியவனுக்குப் பண்ணப்போ, பொண்ணு வீட்ல செவ்வாயைத் தூக்கி வேற கட்டத்துல வச்சிட்டாங்க. கல்யாணம் முடிஞ்சு ஒரு வருசம் கழிச்சுத்தான் எங்களுக்குத் தெரிஞ்சது. மனுசன் எழுதுனா மனுசன் மாத்துவான். மிஷினுக்கு யாரு மேல ஆசை சொல்லுங்க?"

ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம் அல்ல. அவர் மனைவிக்கு நெஞ்சு வலி உண்டு. பெண் பார்க்க வந்த அன்றே அந்த அம்மாள் பேச்சுக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க நிறுத்தினார்.

"முதல் பாதத்துக்குத் தோஷம் இல்லைம்பாங்களே," என்றேன். அப்படிச் சொன்னதும் நானே ஆயில்யத்தை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிட்டது.

"பாதத்தை நான் பாப்பேன் தம்பி. ஊரு பாக்குமா?"

பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தார். காகிதத்தை மட்டும் நாற்காலியிலேயே விட்டுப் போனார். வேண்டுமென்றே விட்டாரா, மறந்தாரா என்று தெரியவில்லை.

தங்கை அடுப்படிக் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பல வருடங்களாக அடுத்தவர் பேச்சைச் சத்தமில்லாமல் இணைத்துக் கொடுக்கிற வேலை பார்த்தவள் என்பதால், கதவுக்குப் பின்னால் அவள் நிற்பது யாருக்கும் கேட்காது.

"ஏன் அண்ணே, நான் பொறந்தப்போ அந்த மிஷின் பக்கத்துல இருந்துச்சா?"

"நான்கூட இல்லியேடி. இருந்திருந்தா சாட்சி சொல்லியிருப்பேன்," என்றாள் என் மனைவி.

இருவரும் சிரித்தார்கள். என் மனைவியின் சிரிப்பு முதலில் நின்றது.

தங்கைக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா எழுபதுகளின் நடுவில் போய்விட்டார், அவருக்குப் பிறகு அம்மாவும். அவளுக்கு நானும் என் மனைவியும்தான். அதுவரை வந்த வரன்களைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை. "உங்களுக்குச் சரின்னா சரி" என்பாள். ஜீயபுரத்துப் பையன் விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவன் திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். பெண் பார்க்க வந்த அன்று, எல்லோரும் இருக்கும்போதே அவளிடம், "நான் கரூருக்கு நிறைய டிரங்க் கால் போடுவேன். என் குரலை எங்கயாச்சும் கேட்ட மாதிரி இருக்கா?" என்று கேட்டான். "ஹலோ ஹலோன்னு கத்துறவங்க நிறைய பேரு. அதுல நீங்க யாருன்னு தெரியலையே," என்றாள் அவள். அவனே முதலில் சிரித்தான். அன்று இரவு சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே, "இந்த இடம் அமைஞ்சா நல்லா இருக்கும் அண்ணே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத் தெரிந்து அவள் தனக்கென்று இது வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான்.

அவள் பிறந்தது ஐப்பசியில், பகலில். நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் பிறந்திருந்தாள். சோறு கிடையாது என்று சொல்லி அத்தை எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். அந்த நாளைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது பசிதான். ஆனாலும், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முதலில் சந்தேகப்பட்டது மிஷினை அல்ல. ஜாதகம் எழுதிய ஜோசியரைத்தான். அவர் செத்து வெகுநாள் ஆகியிருந்தது.

அதற்குக் காரணம் என் வேலை. எழுபதுகளில் மன்னார்புரம் பக்கத்திலிருந்த எங்கள் அலுவலகத்தில் ஊழியர்களின் விவரங்களைக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் இருந்தது மெட்ராஸில். நாங்கள் இங்கே கட்டம் போட்ட தாள்களில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று எழுதி அனுப்ப வேண்டும். ஊழியர் எண்ணுக்கு முதலில் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு ஐந்து இலக்கம். தேதிக்கு ஆறு இலக்கம். மாதம் என்ற இடத்தில் பன்னிரண்டுக்கு மேல் எழுதினால் அது திரும்பி வரும். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எண் இருந்தால் திரும்பி வரும். திரும்பி வந்தவற்றைப் பட்டியலாக அச்சடித்து, எங்கள் மேலதிகாரியின் மேஜைக்கு அனுப்புவார்கள். அவர் அதைச் சத்தமாக வாசிப்பார். என் தாள்களில் ஒன்றுகூடத் திரும்பாத மாதங்கள் உண்டு. அந்த மாதங்களில் நான் நிமிர்ந்து நடந்தேன். மிஷின் எடுத்துக்கொண்டது என்றால் சரியாக இருக்கிறது என்று பொருள். பத்துப் பன்னிரண்டு வருடங்கள் அப்படித்தான் நினைத்து வேலை பார்த்தேன்.

அதனால் அன்று மத்தியானம் வரை அந்தக் காகிதத்தின் மேல் பாதியை நான் படிக்கவே இல்லை. கீழே இருந்த ஆயில்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் மேலே கண் போனது. பிறந்த தேதி சரி. பிறந்த ஊர் சரி. பிறந்த நேரம் 14:20.

அலமாரியிலிருந்து அசல் ஜாதகத்தை எடுத்தேன். உதயாதி நாழிகை 14, விநாடி 20.

சூரியன் உதித்ததிலிருந்து பதினான்கு நாழிகை இருபது விநாடி. நாழிகைக்கு இருபத்து நான்கு நிமிடம்; அதில் அறுபதில் ஒரு பங்கு இந்த விநாடி. ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு உதயம் என்றால், அவள் பிறந்தது நண்பகலுக்குச் சற்று முன்னால். அன்று பூசம் மதியம் ஒரு மணி வரை இருந்திருக்கிறது. அதையும் ஜோசியர் எழுதி வைத்திருந்தார். மிஷினோ அவளை இரண்டு இருபதுக்குப் பிறக்க வைத்திருந்தது. அதற்குள் ஆயில்யம் வந்துவிட்டது. கணக்கில் பிழையே இல்லை. கொடுத்த நேரத்துக்குக் கோள்களைச் சரியாகத்தான் நிறுத்தியிருந்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடி. அந்த வருடங்களில் இப்படிப் புதிதாக இரண்டு மூன்று கடைகள் முளைத்திருந்தன. செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே ஏசி போட்டு, கண்ணாடிக் கதவுக்குத் திரை போட்டு, சந்நிதி மாதிரி வைத்திருந்தார்கள். மேஜை மேல் பெட்டி. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. முன்னால் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சண்டை போடத்தான் போனேன். ஆனால் அந்தத் திரையைப் பார்த்ததும், முதலில் அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது. எனக்கு ஒரு ஜாதகம் போட வேண்டும் என்றேன்.

"தேதி இங்க சார். நேரம் இங்க. ரெண்டு இலக்கம், நடுவுல ரெண்டு புள்ளி, மறுபடி ரெண்டு இலக்கம். புள்ளிய நாம போட வேணாம், அது தயாரா இருக்கும்."

"தப்பாப் போட்டா?"

"எடுக்காது சார். மணி இருபத்திமூணத் தாண்டினா கத்தும். நிமிஷம் அம்பத்தொம்பதத் தாண்டினா கத்தும். எழுத்து கிழுத்து அடிச்சாலும் கத்தும். அதனால இங்க தப்பே வராது."

பெருமையாகத்தான் சொன்னாள். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதே தொனியில்தான் சொல்லியிருப்பேன்.

என் ஜாதகத்தில் இருப்பது போல முப்பத்தேழு பதினைந்து என்று சொன்னேன். அடித்தாள். பெட்டி கீச்சென்று கத்தியது. முப்பத்தேழு அழிந்து கட்டம் காலியானது.

"பாத்தீங்களா? இது நாழிகை. இந்த மாதிரி வந்தா எங்க முதலாளி மணியா மாத்திக் குடுப்பாரு. அப்புறம் போடுவோம்."

"கத்தலைன்னா?"

"கத்தலைன்னா சரியா இருக்குன்னு அர்த்தம் சார்."

"பதினாலு இருபது போடுங்க."

போட்டாள். சத்தமில்லை. மின்னிக்கொண்டிருந்த சிறு கோடு அடுத்த வரிக்கு, பிறந்த ஊருக்குத் தாவி, அங்கே நின்று மின்னியது.

"எடுத்துக்கிச்சு சார்."

"இதுவும் நாழிகைதாம்மா."

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அசல் ஜாதகத்தையும் ஜீயபுரத்துக்காரர் விட்டுப்போன காகிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவள் விரலால் ஒன்றைத் தொட்டு, பிறகு மற்றதைத் தொட்டாள்.

"எங்க வீட்ல ஜாதகம் எழுதற வழக்கம் இல்ல சார். பாலக்கரைல மாதா கோவில் பக்கத்துத் தெரு. எனக்கு ஞானஸ்நானத் தேதிதான் தெரியும்." அசலைத் தன் பக்கம் நகர்த்தி, "நாழிகை எதுவரைக்கும் போகும் சார்?" என்று கேட்டாள்.

"அறுபது வரைக்கும்."

"அப்ப இருபத்திநாலுக்குக் கீழ இருந்தா..."

அவளே முடிக்கட்டும் என்று இருந்தேன். இருபத்து நான்கு நாழிகை என்பது சூரிய உதயத்திலிருந்து பிற்பகல் மூன்றரை மணி தாண்டி. அதற்குப் பிறகு பிறந்தவர்களின் நேரத்தைப் போடும்போதெல்லாம் பெட்டி கத்தியிருக்கும். அதனால் அவை திருத்தப்பட்டிருக்கும். காலையிலும் மத்தியானத்திலும் பிறந்தவர்களின் நேரத்தை, விநாடி அறுபதுக்குக் கீழேதான் எப்போதும் இருக்கும் என்பதால், அது வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போட்டிருக்கும். பழைய ஜாதகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் இதுதான் நடந்திருக்கும். மாலையிலும் இரவிலும் பிறந்தவர்கள் தப்பித்தார்கள்.

"கத்தினதெல்லாம் சரியாப் போச்சு. கத்தாததுதான் தப்பாப் போயிருக்கு," என்றாள் அந்தப் பெண். அவள் கண் கலங்கியிருந்தது. சண்டை போடுகிற எண்ணம் எனக்குப் போய்விட்டது.

முதலாளி வந்தார். என் வயதுகூட இருக்காது. அவருக்கு நாழிகை தெரியும். பஞ்சாங்கமும் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, தானே உட்கார்ந்து 11:49 என்று அடித்துப் புதிய காகிதம் எடுத்துக் கொடுத்தார். பூசம், பாதம் நான்கு. காசு வேண்டாம் என்றார்.

"என்ன நடந்ததுன்னு ரெண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்றேன்.

"அது மட்டும் கேக்காதீங்க சார். மெட்ராஸ்ல எழுதுன ப்ரோக்ராம். நாலு இலக்கமும் அளவுக்குள்ள இருக்கான்னுதான் அது பாக்கும். மணியா நாழிகையான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே."

"நான் எழுதிக் குடுத்தா நாளைக்குக் கடையைப் பூட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

"இதுக்கு முன்னாடி வாங்கிட்டுப் போனவங்க?"

"வந்து கேட்டா மாத்திக் குடுப்போம்."

"கேக்காதவங்க?"

அவர் புதிய காகிதத்தின் இரண்டு ஓரங்களையும் கவனமாகக் கிழித்து, ஓட்டை வரிசையை நீக்கி, சுத்தமாக என்னிடம் நீட்டினார். "உங்க வேலை முடிஞ்சுதில்ல சார்?"

அவர் கேட்டது நியாயம்தான். நான் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். படி இறங்கும்போது ஒரு குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது. மகளை முன்னால் விட்டுப் பெற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அப்பாவின் கையில் மஞ்சள் தடவிய காகிதம். நான் சுவரோடு ஒதுங்கி வழி விட்டேன். அன்றைய நாட்குறிப்பில் அதை எழுதினேன். எழுதியதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. எனக்கு என் தங்கைதான் பெரிதாக இருந்தாள்.

அடுத்த ஞாயிறு, ஆவணி பிறந்த கையோடு, கரூர் பஸ் ஏறி ஜீயபுரம் போனேன். காவிரி கரை தொட்டு ஓடியது. ஆடிக் காற்றில் வாழை இலைகள் எல்லாம் நார் நாராகக் கிழிந்து தொங்கின. அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இரண்டு காகிதங்களையும் அசலையும் பரப்பி, முதலிலிருந்து சொன்னேன். நாழிகையை மணியாக்கும் கணக்கை எழுதிக் காட்டப் பேனாவைத் திறந்தேன். அவர் கையமர்த்தினார்.

"இருங்க. பதினாலே சொச்சம் நாழிகைன்னா அஞ்சே முக்கா மணி நேரம். உச்சிக்கு முன்னாடி." விரல் விட்டு எண்ணாமலே சொல்லிவிட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அடப் பாவிங்களா! நாழிகையப் போயி மணின்னு போட்டானுங்களா! நம்ம ஊரு மிஷினா இருந்தா ஒரு வார்த்தை கேட்டிருக்கும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வாரமாக இருந்த கனம் இறங்கியது. இனி ஆவணியில் எந்த நாள் என்று பேச வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவர் உள்ளே பார்த்துத் தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரே எல்லாவற்றையும் மனைவிக்கு எடுத்துச் சொன்னார். என்னைவிடத் தெளிவாகச் சொன்னார்.

அந்த அம்மாள் கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப மொதல்ல வந்தது பொய்யிங்களா?"

"ஆமாம்மா."

"இப்ப வந்திருக்கிறது நெசம்."

"ஆமாம்மா."

"ரெண்டும் ஒரே மிஷின்ல வந்ததுதானே?"

"ஆமாம்மா."

"மூணாவது தடவை போட்டா என்ன வரும் தம்பி?"

குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. திருப்பித் திருப்பி நூறு தடவை போட்டாலும் பூசம்தான் வரும் என்பது பதில். சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் அங்கிருந்து இருமல் கேட்டது. அது வழக்கமான இருமலாகவே இருக்கலாம். கூடத்தில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"எனக்கு விளங்கிடுச்சு தம்பி," என்றார் ஜீயபுரத்துக்காரர். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல, அந்தப் பொண்ணு மேலயும் இல்ல. ஆனா ஆயில்யம்ங்கிற சொல்லு அவ காதுல விழுந்திருச்சு. இனிமே அவளுக்கு ஒரு சளி புடிச்சாக்கூட உங்க தங்கச்சி மூஞ்சியத்தான் பாப்பா. நாளைக்கு இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்தப் பொண்ணு இந்த வீட்ல எப்படி இருக்கும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். அவர் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவரை என்னிடம் இருந்ததெல்லாம் உண்மை ஒன்றுதான். அதை அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். ஒப்புக்கொண்ட பிறகு அதை வைத்து நான் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

பையன் அன்று வீட்டில் இருந்தான். இவ்வளவு நேரமும் கூடத்துத் தூண் ஓரமாக நின்றான். நான் எழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தான். வழியெல்லாம் அவன் ஏதாவது சொல்வான் என்று நான் மெதுவாகவே நடந்தேன். சாலைக்கு வந்ததும் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து மேற்கே பார்த்தான்.

"பஸ் இப்ப வந்துடும் சார்," என்றான்.

வந்தது. ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டரிடம் அவனே சத்திரம் என்று சொன்னான்.

வீட்டில் தங்கை டூட்டிக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். நான் உள்ளே நுழைந்த விதத்திலேயே முடிவு அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"அவரு இருந்தாரா?"

"இருந்தாரு."

"என்ன சொன்னாரு?"

அவளிடம் பொய் சொல்ல எனக்குத் தெரியாது. "பஸ் இப்ப வந்துடும்னாரு."

சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு. "குரல் ஞாபகம் இருக்கட்டும்னு சொல்லியிருப்பாரு போல," என்றாள். சிரித்துக்கொண்டே படியில் இறங்கியவள், இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் உள்ளே போய், இரண்டு கம்ப்யூட்டர் காகிதங்களையும் அசலோடு சேர்த்து அலமாரியில் வைத்தேன். வைக்கும்போது கோடு பிசகாமல் அடுக்கினேன். அந்த நேரத்தில் என் கைக்குத் தெரிந்தது அதுதான்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஐப்பசியில் ஒரு தரகர் வந்தார். நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் வரன் விவரமும் சேர்த்து வைத்திருந்தார்கள் என்பது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆயில்யம் என்று போட்ட பழைய விவரம்தான் வெளியே போயிருந்தது. புதிதாகப் போட்டதை அதில் யாரும் மாற்றவில்லை.

"ஆயில்யத்துல ஒரு வசதி இருக்குங்க," என்றார் தரகர், வெற்றிலையை மடித்துக்கொண்டே. "மாமியார் இல்லாத இடமாப் பாத்துடலாம். பிக்கல் பிடுங்கல் இருக்காது. கையில நாலஞ்சு இருக்கு."

"மாமியார் இல்லாத வீடா? எனக்குக் கெடைக்கலையே அது," என்றாள் என் மனைவி, என் பக்கம் பார்க்காமல்.

"தங்கச்சிக்குப் பூசம்," என்றேன். பூசம் என்று போட்ட காகிதத்தை எடுத்து நீட்டினேன். தரகர் அதைத் தூரமாகப் பிடித்து, பிறகு கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுவும் வச்சிருக்கீங்களா? சரி சரி. நீங்க எதைச் சொல்லச் சொல்றீங்களோ அதையே சொல்லிக்கிறேன். ஆனா ஒண்ணு, ஒரே இடத்துல ரெண்டையும் காட்டிடாதீங்க."

அவர் கையிலிருந்த நாலைந்தில் மூன்று இரண்டாம் தாரம். தங்கை அன்று வீட்டில்தான் இருந்தாள். வெளியே வந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கும் வரை நின்று, டம்ளரை வாங்கிக்கொண்டு, "இனிமே யாருக்கும் என் ஜாதகம் குடுக்க வேணாம் அண்ணே. பூசமும் வேணாம், ஆயில்யமும் வேணாம்," என்றாள். தரகர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதன் பிறகு அவள் விஷயமாக யாரும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. வந்த இரண்டொருவரையும் நான் வாசலிலேயே பேசி அனுப்பினேன்.

மறு வருடம் துறையூர் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஸ்ரீரங்கத்திலிருந்து யாரும் கேட்டுப் போகிற ஊர் அல்ல அது. ஏன் என்று நான் கேட்கவில்லை. தெருவில் அவளைத் தெரிந்தவர்கள் அதிகம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் திருவானைக்காவலுக்கு மூவரும் போனோம். அம்பாள் சந்நிதியில் கூட்டம் இல்லை. அர்ச்சனைத் தட்டை என் மனைவி அவள் கையில் கொடுத்தாள். புது ஊருக்குப் போகிறவள், அவள் பெயரிலேயே செய்யட்டும் என்றாள். அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ," என்றார்.

அவள் பெயரைச் சொன்னாள். பிறகு வாயைத் திறந்தாள். குழந்தையிலிருந்து எத்தனையோ தடவை சொன்ன ஒரு சொல் வர வேண்டிய இடம் அது. நானே அதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். என்னால் முடியவில்லை. அர்ச்சகர் காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க," என்றாள்.

அர்ச்சகர் சரி என்று திரும்பி மந்திரத்தை ஆரம்பித்தார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். தங்கை கையைக் கூப்பி அம்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.